அப்பாவின் தூண்டிலும் அம்மாவின் விரதங்களும்

டூங்கபி, சிட்னி,
செப்டம்பர், ஞாயிறு மாலை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய நிதுஷன் அண்ணாவுக்கு,

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் ஒரே தங்கை தர்ஷனா எழுதிக்கொள்வது. மேய்ஸ் ஹில் முருகன் புண்ணியத்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். தாஸ்மேனியாவில் நீங்களும், நீங்கள் பண்ணையில் தீனி போட்டு வளர்க்கிற சால்மன் குஞ்சுகளும் அவ்வாறே சுகமாயிருக்க வேண்டுகிறேன். மெசேஜ் போட்டால் நீங்கள் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புவதால் கடிதமாக எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா மீன்பிடிக்கப் புறப்பட்டார். பென்டில் ஹில் மீன்கடையில் "வெட்டித் தாங்கோ" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அதே அப்பாதான். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்க் கொழுத்து, செப்டம்பரில் வசந்தம் தொடங்கியதும் ஆற்றுக்குள் ஏறி வருகிற ட்ரவுட் மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்க வேண்டுமாம். அதுவும் ஹியூவன் ஆற்றில்தான் பிடிக்க வேண்டுமாம். அந்த ஆறு உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது என்பதை நான் சொன்னபோது, "அப்பிடியோ?" என்று மிகவும் ஆச்சரியப்பட்டார். அவருடைய போனில் அந்த இடத்தின் வரைபடம் ஏற்கனவே திறந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பாஸ்கர் அங்கிள் திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் வேலை. மூன்று முறை மீன்பிடிக்கப் போய் ஒரு முறை பிடித்தும் இருக்கிறார். அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எதுக்கு சார் ஃபிளைட் ஏறிப் போறீங்க? ஸ்னோயி மவுண்டன்ஸ்லயே ட்ரவுட் இருக்கே, காரை எடுத்தா ஆறு மணி நேரம்தான்" என்றார். "அது வேற மீன்" என்றார் அப்பா. நான் நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தைப் பிரித்து, இரண்டும் ஒரே இனம்தான், ஒன்று ஆற்றிலேயே இருந்துவிடும், மற்றது கடலுக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று படம் காட்டி விளக்கினேன். அப்பா அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு, "போனதெல்லாம் திரும்பி வருமோ பிள்ளை?" என்று கேட்டார். எல்லாம் வராது என்று புத்தகத்தில் எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன். நான் அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒழுங்காக நடக்கவில்லை. முதலில் அப்பா நெஞ்சுவரை வருகிற ரப்பர் காற்சட்டை ஒன்றை வாங்கி வந்து, அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கக் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே நின்றார், அது தெரியாமல் கதவைத் திறந்த அம்மா போட்ட சத்தத்தில் பாஸ்கர் அங்கிள் வேலி தாண்டி ஓடி வந்துவிட்டார், அவர் வந்ததுதான் வந்தார், கையோடு தூண்டில் வீசவும் பழக்கிவிடுகிறேன் என்று பின் வளவுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், "மணிக்கட்டு சார், மணிக்கட்டு! தோள்ல இருந்து வராதீங்க!" என்று கத்த, அப்பா தோளிலிருந்தே வீச, தூண்டில் முள்ளு கறிவேப்பிலை மரத்தைத் தாண்டி, கொடியில் காய்ந்த அம்மாவின் மாம்பழ நிறக் கூறைச்சேலையின் தலைப்பில் போய்க் கொழுவிவிட்டது, எதுவோ பிடிபட்டுவிட்டதென்ற சந்தோஷத்தில் அப்பா இழுத்தார். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். "இழுங்கோ, நல்லா இழுங்கோ. இருபத்தாறு வருசத்துக்கு முதலே பிடிச்சதுதானே" என்றார். பாஸ்கர் அங்கிள் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் உண்மையான ஆபத்து பஞ்சாங்கத்தில் இருந்தது, அண்ணா. அப்பா ஒருவரையும் கேட்காமல் அக்டோபர் நீண்ட வார இறுதிக்கு மூன்று டிக்கெட் போட்டுவிட்டார். அது புரட்டாசிச் சனி. "சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற நாளில ஆத்துக்க நிண்டு மீன் கொல்லப் போறியளோ?" என்று அம்மா கேட்டார். "கொல்ல மாட்டன். பிடிச்சிட்டு விட்டிடுவன்" என்றார் அப்பா. "அப்ப அதுக்கு வாய் கிழிஞ்சதுதான் மிச்சம். தின்னவும் இல்லை, சும்மா விடவும் இல்லை, இதென்ன பாவம்?" என்றார் அம்மா. எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரிந்ததால் ஒரு அட்டவணை போட்டேன். மீன் ஏறும் காலத்துக்கு நீலம், அப்பாவின் ரயில்வே டூட்டி ரோஸ்டரில் லீவு நாள்களுக்குப் பச்சை, அம்மாவின் விரதங்களுக்கு மஞ்சள். நல்லூர்க் கோயில் திருவிழாக் கொடி ஏறியதிலிருந்து தொடங்கினால் புரட்டாசிச் சனி, நவராத்திரி, இருபத்தொரு நாள் கேதார கௌரி விரதம், அது முடிந்த கையோடு கந்தசஷ்டி என்று, மீன் ஆற்றில் இருக்கிற காலம் முழுவதும் எங்கள் வீடு மரக்கறியில் இருக்கிறது. மீன்கள் எங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் புறப்படுகின்றனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நீலமும் பச்சையும் சேர்ந்து, மஞ்சள் படாமல் மிஞ்சியது ஒரேயொரு நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் முருகனுக்கு என்று அம்மா அதையும் எடுத்துக்கொண்டார்.

ஆகவே பயணம் இல்லை. ரப்பர் காற்சட்டை கராஜில் தொங்குகிறது; இருட்டில் பார்த்தால் யாரோ நிற்பது போல இருக்கும். "மீன்பிடிக்க இந்த முறை வசதிப்படேல்லை எண்டு மட்டும் எழுது. வேற ஒண்டும் எழுதாதை" என்று அப்பா சொன்னார். எழுதிவிட்டேன். வேறு ஒன்றும் எழுதக் கூடாது என்பதால், பார்மசிப் படிப்பை விட்டுவிட்டு நீங்கள் போன அன்று அப்பா உங்களிடம், "மீனுக்குத் தீன் போடவோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்று கேட்டதைப் பற்றி எழுதவில்லை. அதன் பிறகு இரண்டு வருடமாக நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அம்மா மூலமாகத்தான் கேட்கிறார் என்பதையும் எழுதவில்லை. காலையில் எழுந்ததும் சிட்னிக்கு முதல் உங்கள் ஊர் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு, "மூண்டு டிகிரி. மீன் நல்லா ஏறும்" என்று சொல்லிவிட்டு, தன்னுடைய தடித்த ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்து மறுபடி கொழுவுவார். அதையும் எழுதவில்லை. என்னைப் பற்றிச் சொல்வதானால், சாப்பாட்டு மேசையில் நான் சொல்வது பிழை என்று சொல்ல இப்போது யாருமில்லை. நான் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கிறது. அது அவ்வளவு நன்றாக இல்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். அம்மா உங்கள் நெற்றியில் திருநீறு பூசியதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். இந்த உறையில் விலாசம் அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது.

என்றும் உங்கள் கீழ்ப்படிதலுள்ள (பொய்),
தர்ஷனா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம், வாசித்திருந்தால் மறந்துவிடுங்கள். அப்பா டிக்கெட்டை ரத்துச் செய்யக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். அம்மா குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து, "இஞ்சேருங்கோ, விரதத்தில மீன் பிடிக்கிறதுதானே கூடாது? பிள்ளையைப் பாக்கக் கூடாதெண்டு எந்தப் பஞ்சாங்கத்தில கிடக்கு?" என்று கேட்டார். அப்பா ரத்துச் செய்யும் பக்கத்தை மூடினார். பிறகு, "அப்ப தூண்டிலை விட்டிட்டுப் போவம்" என்றார்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு ஹோபார்ட்டில் இறங்குகிறோம். "எயார்போட்டுக்கு வருவானோ எண்டு கேள்" என்றார் அப்பா. நீங்களே கேளுங்கள் என்றேன். "நீ முதல்ல கேள்" என்றார். பக்கத்திலேயே நின்று, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வருவீர்களா அண்ணா?