இரண்டு விரல் உயரம்

வண்டியின் வயிற்றில் கல் உரசியது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பிரேக்கை மிதித்தார்.

"இறங்கிக்கவா?" என்றாள் மனைவி.

"இரு. இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாக்கறேன்."

வண்டியை உயர்த்தும் பொத்தானை மறுபடி அழுத்தினார். வண்டி ஏறக்கூடிய உயரத்துக்கு ஏற்கெனவே ஏறியிருந்தது. பொத்தானின் விளக்கு சிமிட்டிவிட்டு அணைந்தது. மனைவி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கல்லைச் சுற்றிக்கொண்டு மேட்டில் நடந்தாள். வளைவில் திரும்பிக் கையசைத்தாள்.

அவர் அடிவாரம் வரை வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டியைத் திருப்ப இடமில்லாத பாதை அது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம்.

மனைவி இந்த வருடம்தான் மலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆகியிருந்தாள். ஆரம்பத்தில் அவர் பள்ளி வாசல் வரை கொண்டுபோய் விட்டார். கடை திறக்க நேரமிருந்ததால் சற்று உள்ளேயும் போய்வந்தார். ஆசிரியர் அறையில் டியூப்லைட் தவறான இடத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். எல்லா ஆசிரியர்களுக்கும் கண் பரிசோதனை செய்தார். மனைவியின் மேசையை ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். மறுநாள் அது பழையபடி இருந்தது. மறுபடி திருப்பினார். அந்த வாரம் மழை பெய்தது. பாதை நடுவில் கல் வந்து உட்கார்ந்தது.

டிராக்டர் அதைத் தாண்டிப் போனது. மோட்டார் சைக்கிள்கள் ஓரமாக நுழைந்து போயின. அவருடைய வண்டிதான் நின்றது.

கல்லை உடைத்துவிடலாம் என்றார். மனைவி விசாரித்துவிட்டாளாம். அதை அசைத்தால் மேலே இருக்கும் மண்ணும் சேர்ந்து சரியும் என்று சொல்கிறார்களாம்.

"பள்ளிக்கூட குவார்ட்டர்ஸ் காலியாத்தான் இருக்கு. ரெண்டு ரூம். சமையல்கட்டுல ஜன்னல்கூட இருக்கு" என்றாள். "மழை முடியற வரைக்கும் அங்கயே இருந்துடறேன். சனி, ஞாயிறு வந்துடுவேன்."

"வேண்டாம்."

"ரெண்டு வேளையும் அவ்வளவு தூரம் நடக்க முட்டி தாங்கலைங்க."

மாதக் கடைசிக்குள் அவள் கையெழுத்துப் போடாவிட்டால் குவார்ட்டர்ஸ் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். போட்டுவிட்டால், வீட்டில் அவர் தனி. கல்யாணம் ஆனதிலிருந்து ஓர் இரவுகூட அவர் தனியாகத் தூங்கியதில்லை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"வண்டி மேல வரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ப் பாதையில் குப்புறப் படுத்துக் கல்லை அளந்தார். வண்டியின் வயிற்றையும் அளந்தார். இரண்டு விரல் உயரம் குறைந்தது. கடையில் அவர் யாருடைய கண்ணையும் ஒரு முறைதான் அளப்பார். மறுபடி அளந்து பார்க்கச் சொன்ன ஒரு பெரியவரை வேறு கடைக்கு அனுப்பியிருக்கிறார்.

மெக்கானிக் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். இந்த வண்டியில் ஸ்பிரிங் கிடையாது, நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பைகள்தான் என்று விளக்கினார். ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. அந்தக் கம்பி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். கம்பியைக் குட்டையாக்கினால், வண்டி தாழ்ந்துவிட்டது என்று நினைத்து அது இன்னும் காற்றை ஏற்றும்.

"அப்ப கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்றோம்" என்றார் கடைக்காரர்.

"பொய்னு ஏன் சார் சொல்றீங்க? எல்லாத்தையும் சொல்லாம விடறோம். அவ்வளவுதான்."

"வேற வழி?"

"டீச்சரம்மாவை குவார்ட்டர்ஸ்ல விடறதுதான்."

"கம்பியை மாத்துங்க."

சாயங்காலம் வண்டி மூன்று விரல் உயர்ந்து வீட்டுக்கு வந்தது. கார் ஷெட்டின் கூரையில் இடித்தது. தெருவில் நிறுத்தினார்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "எவ்வளவு ஏறியிருக்கு?"

"மூணு விரல். கல்லுக்கு மேல ஒரு விரல் இடைவெளி கிடைக்கும்."

"ஒரு விரல் போதுமா?"

"தாராளமா."

அவள் தலையாட்டினாள். பள்ளிக்குப் போன் செய்து மறுநாள் வேலைகளைச் சொன்னாள். பிறகு அவருக்குச் சாப்பாடு போட்டாள்.

காலையில் கல் வயிற்றில் உரசியது.

இறங்கிப் பார்த்தார். இரண்டு விரல் குறைந்தது. பள்ளி வாட்ச்மேன் டீச்சரம்மாவின் பையை வாங்கிக்கொள்ளக் கல்லருகே காத்திருந்தார். ராத்திரி நல்ல மழை, மண் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார். ஊரில் ஒரு சொட்டுகூட விழவில்லை. மலை என்றால் அப்படித்தான் என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

மெக்கானிக்கும் மண்மேல்தான் பழி போட்டார். மண் இறங்கினால் சக்கரம் இறங்கும். கல் அப்படியே இருக்கும். கணக்குச் சரியாக இருந்தது.

இன்னும் குட்டையான கம்பிகளைப் போட்டார்கள். இப்போது வண்டியில் ஏற மனைவிக்கு முக்காலி தேவைப்பட்டது. அவர் முக்காலிக்கு ஒரு கயிறு கட்டினார். ஏறி உட்கார்ந்தபின் அதை மேலே இழுத்துக்கொள்ளலாம். அவள் ஏறினாள், கயிற்றை இழுத்தாள், முக்காலியை மடியில் வைத்துக்கொண்டாள். சீட் பெல்ட்டை எப்படிப் போட வேண்டும் என்று அவர் சொன்னார். தினமும் சொல்வார்.

"எனக்காக எதுக்குங்க இவ்வளவு கஷ்டம்?" என்றாள்.

அவர் கியரை மாற்றினார்.

கடைத்தெருவில், பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. நாலு பைகளும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டன. வண்டி, நடந்து களைத்த எருமையைப் போல, நடுத்தெருவில் உட்கார்ந்தது. பின்னால் பஸ் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன சார், வண்டிக்குக் கால் வலியா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். அவர்களில் பாதிப் பேர் மூக்கில் இருந்தது அவர் போட்டுக்கொடுத்த கண்ணாடி. மனைவி மடியில் முக்காலியுடன் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கம்ப்யூட்டரையே கழற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். பைக்கு ஒரு திருகு என்று நாலு திருகுகளை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தார். எவ்வளவு காற்று வேண்டுமோ அவரே ஏற்றிக்கொள்ளலாம். யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. கடைக்காரருக்கு அது நிம்மதியாக இருந்தது.

திருகுகள் நாலு. கை இரண்டு. முன்பக்கத்தைச் சரி செய்தால் பின்பக்கம் சாய்ந்தது. வலதை உயர்த்தினால் இடது கோபித்துக்கொண்டது. மனைவி மலையடிவாரம் வரை கதவில் ஒட்டியபடியே வந்தாள். காற்று அதிகமானதில் பைகள் கல்லாகிவிட்டன. சின்னப் பள்ளத்துக்கும் தலை கூரையில் இடித்தது. அவர் இரண்டு ஹெல்மெட் வாங்கினார். அவள் தலையில் அவரே மாட்டி, வார் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

வண்டியின் விளக்கு மேல்நோக்கி அடிப்பதாக எதிர் மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அவர் படுக்கையறைச் சுவரில் தினமும் வெளிச்சம் ஏறி இறங்குகிறதாம். இவர் இன்னும் கொஞ்ச நாள்தான் என்றார். இன்னும் கொஞ்ச நாளில் விளக்கு மொட்டை மாடிக்குப் போய்விடும் என்று அவர் எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"இப்ப எவ்வளவுங்க?" என்று மனைவி ஒவ்வொரு மாலையும் கேட்டாள். அவர் விரலைக் காட்டிச் சொன்னார். அவருடைய வேலையில் இத்தனை வருடத்தில் அவள் இப்படி ஆர்வம் காட்டியதே இல்லை. அவர் ஆறு விரல் என்றார். அவள் தன் கையையும் வைத்துப் பார்த்து, ஆறு என்று திருப்பிச் சொன்னாள்.

மறுநாள் கல் இடித்தது. இரண்டு விரல் குறைந்தது.

கல்லின் சாயல் அன்று வேறு மாதிரி இருந்தது. மூக்குப் பக்கம் பருத்திருந்தது. கல் நனைந்திருந்தது; தண்ணீர் வழியாகப் பார்த்தால் பொருள் பெரிதாகத் தெரியும் என்பது அவருக்குத் தொழில்முறையில் தெரியும். மறுபடி அளந்து பார்க்கலாமே என்று மெக்கானிக் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"அளந்தாச்சு" என்றார் அவர்.

மெக்கானிக் அதோடு விட்டுவிட்டார். மலையில் குளிர், குளிரில் காற்று சுருங்கும், அதனால் வண்டி இறங்கும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதுவும் கணக்குச் சரியாக இருந்தது.

அவர் பாரத்தைக் குறைத்தார். பின் சீட்டைக் கழற்றினார். ஸ்டெப்னியை இறக்கினார். மனைவி திருத்த எடுத்துவந்த பரீட்சைத் தாள்களை எடை போட்டுப் பார்த்துவிட்டு, பாதியை மேலே பள்ளியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். மீதிப் பாதியை அங்கேயே உட்கார்ந்து திருத்தினால் நன்றாக இருக்கும் என்றாள் அவள். அவர் காதில் விழவில்லை. டயர் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. புதிய பெரிய டயர்கள் மாட்ட மதியம் ஆகும் என்றார்கள். சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டை வெட்ட வேண்டியிருந்தது. மனைவி அடிவாரம் வரை பஸ்ஸில் போய் நடந்துகொள்வதாகச் சொன்னாள்.

"சாயங்காலம் பள்ளிக்கூட வாசலுக்கே வரேன்" என்றார். "அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடாதே."

"எவ்வளவு ஏத்தப் போறீங்க?"

"எவ்வளவு ஏறுமோ அவ்வளவும்."

"விரல் கணக்குல சொல்லுங்களேன்."

"கணக்கே இல்லை."

அவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மாலையில் அவர் வண்டியில் ஏணி வைத்து ஏறினார். ஹெல்மெட் மாட்டிக்கொண்டார். நாலு திருகையும் கடைசி வரை திருகினார். பைகள் முனகின. தெருவில் போகும்போது மரக்கிளை கண்ணாடியைத் தடவியது. பஸ் டிரைவர் வழி விட்டார்.

மலைப் பாதையில் முதல் வளைவு. இரண்டாவது வளைவு. கல்.

அது இன்று கன்றுக்குட்டி அளவு தெரிந்தது. வெயிலில் காய்ந்து கிடந்தது. ஈரம் என்று சொல்ல முடியாது. அவர் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இறங்கவில்லை. விரலை வைத்துப் பார்க்கவில்லை. முதல் கியரைப் போட்டார்.

முன் சக்கரங்கள் கல்லின் இரண்டு பக்கமும் நகர்ந்தன. வண்டி கல்லுக்கு மேலாக ஊர்ந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார், அதனால் வண்டி இன்னும் கொஞ்சம் உயரும் என்பதைப் போல. கீழே எதுவோ தடவிச் சென்றது. பெயின்ட் போகும் சத்தம் நீளமாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பின் சக்கரங்கள் ஒரு முறை சுழன்று, மண்ணைக் கக்கி, ஏறின.

கல் பின்னால் இருந்தது.

அவர் வண்டியை நிறுத்தினார். இனி மாலைகளில் அவள் அவரோடு வீட்டுக்கு வருவாள். காலையில் அவரே வாசலில் கொண்டுவந்து விடுவார். உள்ளே போய் மேசையையும் ஒரு பார்வை பார்க்கலாம். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பாறைச் சுவரில் சாய்ந்தபடி வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டை முழுக்க மண். ஒரு கையில் கடப்பாரை. பக்கத்தில் டிராக்டர்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. தான் மாட்டிக்கொண்டால் தூக்கிவிட வந்திருக்கிறார்கள் என்று கடைக்காரருக்குப் புரிந்தது. நல்ல மனிதர்கள். ஜன்னல் வழியாக எட்டிக் கையசைத்தார்.

வாட்ச்மேன் கடப்பாரையை ஊன்றி எழுந்தார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சார், இதைவிடப் பெரிய கல்லு இந்த மலையில கிடையாது. டீச்சரம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."