பின்லாந்து ஓட்டிய பள்ளி வேன்

உலகத்தில் உள்ள அத்தனை பள்ளிக்கூடங்களைப் பற்றியும் தெரிந்த ஒரே ஆள், எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கு வேன் ஓட்டியவர்தான். கல்வி இலாகாவில் இருப்பவர்களுக்குக்கூட அவ்வளவு தெரியாது. அவருக்குப் பெயர் ஏதோ இருந்தது. அடையாளக் கார்டைப் பார்த்தால் தெரியும். நாங்கள் பின்லாந்து என்றுதான் கூப்பிட்டோம். பிள்ளைகளுக்குப் பின்லாந்து அங்கள். கோயிலில் யாராவது புதிதாக விசாரித்தால் அவர் மனைவியே, "நான் பின்லாந்து வீட்டுல" என்று சொல்லிக்கொள்வார்.

நான் அந்தப் பள்ளிக்குக் காவல், ஜாகா. காலையில் கேட்டைத் திறப்பேன். பிறகு மூடுவேன். அதற்கு முன் முப்பது வருடம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினேன். இரண்டு வேலையிலும் அதிகம் பேச வேண்டியதில்லை.

பள்ளி இருப்பது மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து சபாக் போகும் சாலையில். உள்ளே திரும்பிச் செம்பனைக்குள் நான்கு மைல் போக வேண்டும். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம்வரை அவருக்கு வேலை இல்லை. வேனை எதிரே மரத்தடியில் போடுவார். ஸ்டேரிங்கில் போனைச் சாய்த்து வைப்பார். மற்ற டிரைவர்கள் போனில் சினிமா பார்ப்பார்கள். இவர் பள்ளிக்கூடம் பார்ப்பார். எந்த நாட்டில் எத்தனை வயதில் சேர்க்கிறார்கள், எத்தனை மணிக்கு மணி அடிக்கிறார்கள், மத்தியானம் என்ன சாப்பாடு, எல்லாம் பார்ப்பார். பார்த்து முடித்ததும் நேராக என்னிடம் வருவார். நான் கேட்டை விட்டு நகர முடியாது. அது அவருக்கு வசதியாக இருந்தது.

"அண்ணே, பின்லாந்துல ஏழு வயசுலதான் பள்ளிக்கூடம் சேக்குறான். எவ்ளோ நல்ல நாடு பாருங்க."

"நம்ம ஊருலயும் ஏழுதான்" என்றேன்.

போனை இன்னொரு தடவை பார்த்தார். "அது வேற ஏழு அண்ணே."

அவர் போய் வந்த வெளிநாடு ஒன்றே ஒன்று. தாய்லாந்து எல்லையைத் தாண்டி ஹாட்யாய். கோயில் கமிட்டி பஸ் வைத்துப் போனது. எல்லாரும் துணி வாங்கப் போனார்கள். இவர் ஒரு பள்ளிக்கூடத்தைத் தேடிப் போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை. கேட்டுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தார். அங்கே இருந்த ஜாகா என்னை மாதிரியே ஒன்றும் பேசவில்லையாம்.

பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பின்லாந்தில் முக்கால் மணி நேரம் பாடம் நடந்தால் கால் மணி நேரம் பிள்ளைகளை வெளியே விடுவார்களாம். வேனில் பயணம் இருபத்தைந்து நிமிடம். பாதி வழியில், செம்பனை நடுவில், வேனை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கி விளையாட விட்டார். ஒரு வாரம் இது நடந்தது. ஒரு வாரமும் தாமதம். தலைமை ஆசிரியை கேட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏன் லேட்டு?"

"பிள்ளைங்களுக்கு ரெஸ்ட் குடுத்தேன் டீச்சர்."

"ரெஸ்ட் எடுக்கற அளவுக்கு அப்படி என்ன செஞ்சுட்டு வந்தாங்க?"

"உக்காந்துட்டு வந்தாங்க டீச்சர்."

அடுத்தது ஜப்பான். ஜப்பானில் சின்னப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக நடந்தே பள்ளிக்கூடம் போகிறார்களாம். ஒரு திங்கட்கிழமை தோட்டத்து முனையில் எல்லாரையும் இறக்கிவிட்டார். தொப்பி கிடைக்கவில்லை. தலைக்குத் தலை மஞ்சள் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டார். பிள்ளைகள் முன்னால் நடந்தார்கள். காலி வேன் பின்னால் ஊர்ந்து வந்தது. வேனுக்குப் பின்னால் குலை ஏற்றிய டிராக்டர். டிராக்டருக்குப் பின்னால், வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மோட்டார் சைக்கிள். அதற்குப் பின்னால் நான்கு மாடுகள். மாடு மட்டும்தான் ஹார்ன் அடிக்கவில்லை.

கேட்டில் ஒரு பிள்ளையின் அம்மா பிடித்துக்கொண்டார்.

"நடக்க வைக்கத்தான் வேன்ல அனுப்புறோமா?"

"ஜப்பான்ல இப்படித்தான்மா."

"ஜப்பான்ல வேன்காரனுக்கு என்ன வேலை?"

"அங்க வேன்காரனே கிடையாதும்மா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

மறுநாள் எல்லாரும் வேனில் உட்கார்ந்தே வந்தார்கள்.

ஒரு புதன்கிழமை வேன் வரவே இல்லை. வியாழக்கிழமை வந்தார். "பிரான்சுல பல ஊருல புதன்கிழமை சின்னப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது அண்ணே" என்றார். எட்டிப் பார்த்தேன். வேனில் புது பேட்டரி இருந்தது.

பிள்ளைகள் வேனில் சத்தம் போட்டால் கொரியாவுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்வார். அங்கே டியூஷனே ராத்திரி பத்து மணிவரை நடக்கும் என்பார். வேன் அமைதியாகிவிடும். எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்கு இன்னும் கொரியா என்றால் பயம்.

ஜெர்மனி மட்டும் நன்றாக இருந்தது. அங்கே முதலாம் ஆண்டு சேரும் பிள்ளைக்குப் பெரிய காகிதக் கூம்பில் மிட்டாய் நிரப்பிக் கொடுப்பார்களாம். இவர் பழைய நாளிதழைச் சுருட்டிக் கச்சாங் பூத்தே போட்டுக் கொடுத்தார். எங்கள் ஊரில் வறுத்த கடலையை எப்போதும் அப்படித்தான் சுருட்டிக் கொடுப்பார்கள். அதைச் சொன்னேன். "ஜெர்மன்காரன் நம்மள பாத்து செஞ்சிருப்பான் அண்ணே" என்றார். அன்று சபைகூடலில் தலைமை ஆசிரியை பேசியதே கேட்கவில்லை. கடலை கடிக்கும் சத்தம்தான் கேட்டது.

அரசாங்கம் ஆறாம் ஆண்டுச் சோதனையை ரத்து செய்தபோது அவரைப் பார்க்க வேண்டும். "பின்லாந்துல அந்த வயசுக்குச் சோதனை கிடையாதுன்னு நான் எவ்ளோ நாளா சொல்லிட்டிருக்கேன்" என்றார். வேனில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கு இரண்டு.

இப்போது என் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் பேத்தி தர்ஷினி. அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். முத்திரை இருந்தது. கையெழுத்து இருந்தது. மகளும் மருமகனும் பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நான் பட்டணத்துக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்தேன். முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். கிளினிக்கில் ஊசி போடும்போது அதைக் காட்டினேன். நர்ஸ் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஆறு வருடம் கழித்து, முதலாம் ஆண்டு சேர்க்கத் தலைமை ஆசிரியையிடம் அதை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கள், இது சூராட் பெரானாக் இல்ல. இதக் கொண்டுபோயி பதிவு இலாகாவுல குடுத்தாத்தான் பிறப்புப் பத்திரம் தருவாங்க."

"லேமினேட் பண்ணிட்டேன்" என்றேன்.

"அது தெரியுது."

ஆறு வருடமாக நான் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கேட்டைத் திறந்துவிட்டவன். என் வீட்டுப் பிள்ளை உள்ளே போகத் தாள் இல்லை. மகள் அழுதாள். மருமகன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இரண்டு பேரும் லீவு போட்டுப் பதிவு இலாகாவுக்குப் போனார்கள். விண்ணப்பம் வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். பத்திரம் வரப் பல மாதம் ஆகுமாம். பள்ளிக்கூடத்துக்கோ வரும் ஆண்டுக்கான பெயர்ப் பட்டியலை அந்த வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். "மாவட்டக் கல்வி அலுவலகத்துல போயி கேட்டுப் பாருங்க அங்கள். நான் நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றார் தலைமை ஆசிரியை. மகளுக்கும் மருமகனுக்கும் மறுபடி லீவு கிடைக்கவில்லை. நான் அந்த வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

பின்லாந்து வேனோடு வந்து நின்றார்.

"நீங்க வாயே தொறக்க மாட்டீங்க. நான் வர்றேன். எத்தன நாட்டு சட்டம் என் கையில இருக்கு."

காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். நல்ல சட்டை போட்டிருந்தார். வழியெல்லாம் வாய்க்குள் நாடுகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். தர்ஷினி பின்னால் உட்கார்ந்து குரங்குகளை எண்ணினாள்.

அலுவலகத்தில் கூட்டம். எங்கள் எண் வரும்போது பதினொன்றரை. கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. நான் ரசீதையும் லேமினேட் செய்த தாளையும் வைத்தேன். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் பின்லாந்து ஆரம்பித்துவிட்டார்.

நல்ல மலாயில்தான் பேசினார். அமெரிக்காவில் தாள் இல்லாவிட்டாலும் பிள்ளையைச் சேர்க்க வேண்டும், கோர்ட்டே சொல்லிவிட்டது என்றார். ஹாலந்தில் நான்கு வயது ஆனதுமே பள்ளிக்கூடம் போகலாம் என்றார். பிறகு பின்லாந்து. பின்லாந்துக்கு மட்டும் பத்து நிமிடம் ஆனது. இடையில் ஜப்பானியப் பிள்ளைகள் கழிவறை கழுவுவதையும் சொன்னார். அதற்கும் எங்கள் விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அதிகாரி இரண்டு தடவை கையைத் தூக்கினார். இவர் நிறுத்தவில்லை. மூன்றாம் தடவை அவர் தண்ணீர் குடித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தர்ஷினிக்கு ஒரு பென்சில் கொடுத்தார்.

பின்லாந்து மூச்சு வாங்க நிறுத்தினார். அதிகாரி கேட்டார்.

"முடிஞ்சுதா ஐயா?"

"இன்னும் இத்தாலி இருக்கு புவான்."

"பிள்ளையோட அப்பா அம்மா மலேசியக் குடிமக்கள்தானே?"

"ஆமா."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்தார். "அப்படின்னா இதுக்கு நம்ம நாட்டுலயே வழி இருக்கு. பத்திரம் வர்ற வரைக்கும் பிள்ளைய பள்ளிக்கூடத்துல வெச்சுக்கலாம். இந்த ரசீது போதும். ஒரு கையெழுத்துதான் வேணும்."

பின்லாந்து பாரத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் காலி.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே புவான்."

"நீங்க விட்டாத்தானே."

கையெழுத்துப் போட வேண்டிய பெரிய அதிகாரி அப்போதுதான் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பிப் போயிருந்தார். கவுண்டரையும் மூடினார்கள். திரும்பத் திறப்பது இரண்டே முக்காலுக்கு. அங்கே பள்ளி முடிந்து பிள்ளைகள் வேனுக்குக் காத்திருப்பார்கள். கேட்டில் ஜாகாவும் இல்லை. ஜாகா இங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

"போயிட்டு வந்துடுறேன் அண்ணே" என்று ஓடினார். பிள்ளைகளை ஒவ்வொரு வீடாக இறக்கிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு, திரும்பி வந்தார். வரும்போது தர்ஷினிக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்தார். தான் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குக் கையெழுத்துக் கிடைத்தது. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தலைமை ஆசிரியையின் மேசையில் பாரத்தை வைத்தேன். அவர் பட்டியலின் கடைசியில் பேனாவால் அவள் பெயரை எழுதினார்.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். "எழுதிட்டாங்க."

"என் வாயால பிள்ளைக்கு ஒரு வருசம் போகப் பாத்துச்சு அண்ணே" என்றார். "நம்ம நாட்டு சட்டத்த ஒரு நாள்கூட பாக்கல."

அன்றோடு நின்றது. மரத்தடியில் வேன் நிற்கும். போன் சட்டைப் பையிலேயே இருக்கும். பிள்ளைகள் கேட்பார்கள்.

"அங்கள், இன்னிக்கு எந்த நாடு?"

"நாடெல்லாம் ஒன்னும் இல்ல. ஒழுங்கா உக்காரு."

கொரியா பயமும் போனது. வேனில் ஒரே சத்தம். வேனுக்குள் உட்கார்ந்திருந்த அவரிடம் மட்டும் சத்தமில்லை. பள்ளி நாட்கள் முடிந்து, நீண்ட விடுமுறையும் முடிந்தது. முதல் நாள் வந்தது.

தர்ஷினியின் பை அவளைவிடப் பெரியது. அவளை அவர்தான் கொண்டுவந்து இறக்கினார். பெற்றோர்கள் முதலாம் ஆண்டு வகுப்பு ஜன்னலில் ஈயாக மொய்த்தார்கள். கேட்டுக்குப் பக்கத்து வகுப்புதான். நான் இருந்த இடத்திலிருந்தே ஆசிரியை பெயர் வாசிப்பது கேட்டது. பின்லாந்தும் வந்து என் பக்கத்தில் நின்றார். கடைசிப் பெயர் தர்ஷினி.

"இருக்கேன் டீச்சர்."

கத்திச் சொன்னாள். என் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பின்லாந்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு என்றால் இந்நேரம் நான்கு நாடு முடிந்திருக்கும்.

எனக்கு நன்றி சொல்லத் தெரியாது.

"நார்வேயில எப்படி?" என்று கேட்டேன்.

நிமிர்ந்தார். "என்னது அண்ணே?"

"பள்ளிக்கூடம். எத்தன வயசுல சேக்குறான்?"

என் முகத்தையே பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆறு வயசுண்ணே. ஆனா பாருங்க, அங்க கத வேற."

ஓய்வு நேரத்து மணி அடிக்கும்வரை சொன்னார். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.