கிரேக்கத்தில் ஒரு மன்னிப்பு

டுப், டுப், டுப், டுப்.

கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பஞ்சு மூட்டையை யாரோ பாசத்தோடு குத்துகிற மாதிரி ஒரு சத்தம். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. சத்தத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. பக்கத்து அறையில் என் மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். மெஷினின் நான்கு கால்களுக்கு அடியிலும் நான்காக மடித்த பழைய போர்வை. என் தூக்கம் கலையக் கூடாதாம்.

நான் நீரேற்று நிலையத்தில் இரவு ஆபரேட்டர். எட்டு மணிக்கு வேலையில் ஏறினால் காலை ஆறுக்குத்தான் இறங்குவேன். ஊரே குளிப்பதற்குத் தண்ணீர் ஏற்றி வைத்துவிட்டு, ஊர் குளிக்கும்போது நான் குறட்டை விடுவேன். பத்தொன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. பிற்பகல் மூன்று மணிக்குப் பல் தேய்க்கிறவனை உலகம் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது. நானும் உலகத்தை அப்படியே பார்த்துப் பழகிவிட்டேன்.

பம்ப் ஓடும்போது ஆபரேட்டருக்கு மணிக்கொரு தரம் மீட்டர் பார்க்கிற வேலை. மிச்சம் ஐம்பத்தைந்து நிமிஷம் சும்மா. சும்மா இருப்பது எனக்கு ஆகாது. சுருக்கெழுத்து கற்றேன். கைக்கடிகாரம் ரிப்பேர் கற்றேன். சதுரங்கம் கற்றேன். எல்லாம் இப்போது பரண்மேல் இருக்கின்றன. "மேல ஒரு பல்கலைக்கழகமே தூசி படிஞ்சு கிடக்கு" என்பாள் மனைவி.

அன்று பல் தேய்த்துக்கொண்டே அறிவித்தேன். "நான் கிரேக்க மொழி கத்துக்கப் போறேன்!"

மெஷின் நிற்கவில்லை. "பரண்ல இடமில்லீங்க."

இந்த ஆசைக்கு விதை போட்டவர் பக்கத்து வீட்டுக் கப்பல்காரர். கப்பல் இன்ஜின் அறையில் காலமெல்லாம் கழித்து ஓய்வு பெற்றவர். வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும்போது ஒரு செருப்புப் பெட்டி நிறைய கிரேக்கப் பாட்டுக் கேசட்டுகளையும், அதைப் போட்டுக் கேட்க ஒரு டேப் ரெக்கார்டரையும், கிரேக்க ஆங்கில அகராதி ஒன்றையும் என் தலையில் கட்டினார்.

"இலக்கணமெல்லாம் வேண்டாம் தம்பி. பாட்டைக் கேளு, வரியைத் திருப்பிச் சொல்லு, அர்த்தத்தைச் சொல்லு. மொழி தானா ஒட்டிக்கும். நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்."

"சரளமா பேசுவீங்களாண்ணே?"

"காதல் தோல்வியில சரளமா பேசுவேன். ரொட்டி கேக்கத் தெரியாது."

அப்போது சிரித்தேன். பிறகுதான் புரிந்தது. செருப்புப் பெட்டிக்குள் இருந்த அத்தனை பாட்டிலும் யாரோ யாரையோ விட்டுப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர் குடித்துக்கொண்டிருந்தார்.

உண்மையான காரணத்தை உங்களிடம் சொல்கிறேன், வெளியே விடாதீர்கள். வீட்டுச் சண்டையில் நான் தமிழில் ஜெயித்ததே இல்லை. என் வாக்கியம் எழுவாயைத் தாண்டுவதற்குள் அவளுடையது முற்றுப்புள்ளி வைத்துக் கையையும் கழுவியிருக்கும். ஆகவே அவளுக்குத் தெரியாத ஒரு மொழி எனக்கு வேண்டும். மனசில் இருப்பதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். பதில் வரக் கூடாது.

தினமும் நாலு மணிக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். மோட்டார் அறையில் போடுகிற மாதிரி பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டுவேன். ஒரு வரி கேட்பது, டேப்பை நிறுத்துவது, வரியை முணுமுணுப்பது, அர்த்தத்தைத் தமிழில் முணுமுணுப்பது. கிரேக்கத்திலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று இரண்டு பஸ் மாறித்தான் ஒவ்வொரு அர்த்தமும் என் வீடு வந்து சேர்ந்தது. மாட்யா மு என்றால் என் கண்களே. அட, நம் ஆளுங்களும் கண்ணே என்றுதானே கொஞ்சுகிறார்கள்! கர்தியா என்றால் இதயம். ஃபோத்யா என்றால் நெருப்பு. ப்ஸேமத்தா என்றால் பொய்கள். மூன்று வாரத்தில் என்னால் ஒரு முழுக் குடும்பத்தையே கிரேக்கத்தில் பிரித்துவிட முடிந்தது.

அதே சமயம் மனைவியின் தையல் வியாபாரமும் சூடு பிடித்தது. அதுவும் சாயங்கால வேளையில். கதவைத் திறந்தால் முன்னறையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பட்டன் தைக்க வந்தவள்கூட ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து போனாள். பொறுமையான வாடிக்கையாளர்கள் அமைவது பாக்கியம்.

முதல் தாக்குதலைச் சாப்பாட்டில் தொடுத்தேன். உப்பு இல்லை. உப்புக்குக் கிரேக்கம் எனக்குத் தெரியாது. எந்தப் பாட்டிலும் உப்பு வரவில்லை. கைவசம் இருந்ததை எடுத்து விட்டேன்.

"இ கர்தியா மு ஈனே ஸ்தாக்தி." என் இதயம் சாம்பலாகிவிட்டது.

அவள் உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"மூஞ்சியிலதான் தமிழ்ல எழுதியிருக்கே. சாம்பலாகறதுக்குள்ள சாப்பிட்டு எழுந்திருங்க."

அடுப்பில் எதையோ வைத்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் அவ்வளவு கெட்டிக்காரன்.

நாலாம் மாசம் அந்தக் கேசட் மாட்டியது. ஒரு வயசான குரல். கனைத்துக் கனைத்துப் பாடுகிற ஒரு மனுஷன். 'இந்த வீட்டில் யாரும் பாடுவதில்லை, நான்தான் கதவை மூடினேன்.' அகராதியைப் புரட்டி, இரண்டு பஸ்ஸும் மாறி, அர்த்தத்தைச் சொல்லி முடித்தேன். டேப்பை மறுபடி ஓடவிடக் கை வரவில்லை.

என் மனைவி பாடுவாள்.

பாடுவாள் என்றா சொன்னேன்? பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் துணி வெட்டும்போது பாட்டு, ஓரம் அடிக்கும்போது பாட்டு, காஜா எடுக்கும்போதுகூட ஊசிக்கு ஏற்ற மாதிரி ஒரு பாட்டு. பிறகு எனக்கு இரவு வேலை வந்தது. முதல் வாரம், ஒரு நாள் காலை பத்து மணி. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்து நின்றேன். "இது வீடா, வானொலி நிலையமா? மனுஷன் தூங்க வேண்டாம்?" என்று கத்தினேன். அவள் கையில் கத்தரிக்கோல். அதை மெதுவாகக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலமே மெஷினுக்கு அடியில் போர்வை வந்துவிட்டது. பாட்டு நின்றுவிட்டது.

முதலில் அதை அவள் செய்த உபகாரம் என்று நினைத்தேன். பிறகு என் உரிமை என்று நினைத்தேன். பிறகு நினைக்கவே இல்லை. பத்தொன்பது வருஷம்! இப்போது அந்தக் குரலை நினைவில் தேடினால் வாய் அசைவதுதான் தெரிகிறது, சத்தம் வரவில்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றுகிறவன் சொந்த வீட்டுக் குழாயை அடைத்து வைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். கேட்டால் ஒருவேளை பாடுவாள். ஆனால் தமிழில் கேட்பதா? மனைவியிடம் தமிழில் கேட்கிற மன்னிப்பு பத்திரம் எழுதிப் பதிவு செய்த மாதிரி. அடுத்த இருபது வருஷத்துக்கு ஒவ்வொரு சண்டையிலும் நகலெடுத்து நீட்டுவாள். அங்கேதான் பளிச்சென்று யோசனை வந்தது. கிரேக்கத்தில் கேட்டால்? மன்னிப்பும் கேட்டாயிற்று; மானமும் போகவில்லை. பாரம் என்னிடமிருந்து இறங்கும். ரசீது அவளிடம் போகாது.

வாக்கியத்தைச் சரிபார்க்கக் கப்பல்காரரிடம் ஓடினேன். அவர் படித்துப் பார்த்தார்.

"தமிழ்ல சொன்னா என்ன தம்பி, வாய் வெந்து போயிடுமா?"

"அண்ணே, நீங்க கல்யாணம் பண்ணிக்கலை. உங்களுக்குப் புரியாது."

"அது சரி." ஒரு எழுத்தைத் திருத்திக் கொடுத்தார். "நல்ல குரல் தம்பி அவங்களுக்கு. அதுக்காகவாவது கேளு."

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தே ஆறு வருஷம்தான் ஆகிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம். ஹெட்போன் மாட்டவில்லை. முன்னறையில் எல்லாரும் போய்விட்டார்கள். முன்பு வங்கியில் வேலை பார்த்த அம்மா மட்டும், தைத்து முடித்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை. இருந்தால் என்ன? கிரேக்கத்துக்கு எதற்கு வெட்கம்? மனைவி பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் அடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"சிங்ஹோரெஸே மே, மாட்யா மு. சு பீரா தோ த்ரகூதி."

என்னை மன்னித்துவிடு, என் கண்ணே. உன்னிடமிருந்து பாட்டை எடுத்துக்கொண்டேன்.

மெஷின் நின்றது.

நல்லது, நிம்மதி என்று மூச்சு விடப்போனேன். பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வங்கி அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நாலு மாசத்துல இன்னைக்குத்தான் உச்சரிப்பு சுத்தமா வந்திருக்கு."

"உங்களுக்கு... கிரேக்கம் தெரியுமா?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார்."

"நானா?"

"ஒரு வரி, ஒரு அர்த்தம், ஒரு வரி, ஒரு அர்த்தம். இதைவிடத் தெளிவா எந்த வாத்தியார் சொல்லித் தருவார்? மன்னிப்பு, பாட்டு, எடுத்துக்கிட்டது, எல்லாம் போன வாரமே நடத்திட்டீங்களே! நாங்க நாலு மணி வகுப்பைத் தவற விடறதே இல்லை."

"நான் முணுமுணுப்பாத்தானேம்மா சொன்னேன்? எனக்கே கேக்காத மாதிரி..."

"ஹெட்போன் மாட்டினா உங்களுக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள் மனைவி. "இருபது வருஷமா மோட்டார் பக்கத்துல கத்திப் பேசிப் பழகின தொண்டை. உங்க முணுமுணுப்பு தெருமுனைக் கடை வரைக்கும் போகுது."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. கூட்டம் போயிடும். அதுக்கப்புறம் சட்டைத் துணிக்கு நான் யாரைத் தேடறது?"

வங்கி அம்மா எழுந்தார். "நாளைக்கு வகுப்பு உண்டா சார்?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லேன்னாலும் பரவாயில்லை, அக்கா" என்று அவளிடம் சொல்லிவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நானும் அவளும் இருந்தோம். அறை முழுக்க வெட்டுத் துணி. எனக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சரி. இப்ப அதையே தமிழ்ல சொல்லுங்க."

"தெரிஞ்சுதான் போச்சே..."

"தெரிஞ்சது வேற. கேக்கறது வேற."

சொன்னேன். எப்படியோ சொல்லிவிட்டேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தலையணையோடு வந்து நின்றதையும், அந்தக் கத்தலையும், போர்வையையும், அதைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்காததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. தெருமுனை வரை போகிற குரல், மெஷினைத் தாண்டவே திணறியது.

முழுசாகக் கேட்டாள். பல்லால் ஒரு நூலைக் கடித்துத் துப்பினாள்.

"அதெல்லாம் சரி. நான் பாட்டை நிறுத்தினேன்னு யார் சொன்னது?"

"நிறுத்தலையா?"

"நீங்க எட்டு மணிக்கு வேலையில ஏறுவீங்க. நான் எட்டேகாலுக்கு ஆரம்பிப்பேன்."

"தினமுமா?"

"ஒரு நாள் விட்டதில்லை. எதிர்வீட்டுக்காரங்க ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டதே அதுக்குத்தான். கப்பல்கார அண்ணன் இதைக் கேட்டுட்டுத்தான் சாப்பிட உக்காருவார். மாடியில இருந்தவங்க வீடு மாறினப்போ, 'வீடு கிடைக்கும், இந்தக் குரல் கிடைக்காதே'ன்னு அழுதுட்டுப் போனாங்க."

அப்படியானால் நான் எதற்காக மன்னிப்புக் கேட்டேன்? அவளிடமிருந்து நான் ஒன்றையும் எடுக்கவில்லை. அவள் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தெருவே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர் வராத வீடு தெருவிலேயே ஒன்றுதான். அதில்தான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"இப்ப ஒண்ணு பாடேன்" என்றேன். "எனக்கு. ஒரே ஒண்ணு."

மாட்டேன் என்று சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். இன்னொரு தரம் முயற்சி செய்தாள். அப்போதும் வரவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"வரலைங்க. நீங்க வீட்டுல இருக்கீங்கன்னாலே, மனுஷன் தூங்கறாரே, சத்தம் போடக் கூடாதேன்னு தொண்டை தானா அடைச்சுக்குது. பழகிப்போச்சு."

"நான் முழிச்சுத்தானே நிக்கறேன்!"

"எனக்குத் தெரியுது. தொண்டைக்குத் தெரியலையே." மெஷின் சக்கரத்தில் கையை வைத்தாள். "மணி ஆறரை ஆச்சு. நேரத்தோட வேலைக்குக் கிளம்புங்க. நீங்க போனாத்தான் எனக்குப் பாட்டு வரும்."

டுப், டுப் என்று மெஷின் ஓட ஆரம்பித்தது. கிளம்ப இன்னும் அரை மணி இருந்தது. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் அடித்துப் போட்டிருந்த காலர்கள் கூடையில் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, மொட்டைப் பென்சிலை விட்டு முனையைத் தள்ளினேன். அடுத்ததை எடுத்தேன்.