குமிழி விட்ட ரெகுலேட்டர்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியமே அல்ல. அதற்கு ஒரு படிவம் கண்டுபிடித்தானே, அதுதான் காரியம்! இந்த மகத்தான உண்மையை முழுதாக உணர்ந்தவர் நம் தலைமை எழுத்தர். கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம், 'பாதுகாப்பானது' என்று கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர்.

மகள் பிரசவமாகி வந்திருந்தாள். பன்னிரண்டு நாள் குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும். குளியலறைச் சுவரில் கேஸ் ஹீட்டர் மாட்டியாயிற்று, பின்பக்க வராந்தாவில் புரொப்பேன் சிலிண்டரும் வந்தாயிற்று. இரண்டுக்கும் நடுவில் ரெகுலேட்டர் பொருத்தத்தான் மெக்கானிக் வந்திருந்தான். கையில் ஒரு பை, பையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஸ்பேனர் ஒன்று, கக்கத்தில் படிவக் கட்டு.

"முதல்ல கையெழுத்தெல்லாம் முடிச்சிடலாம் சார். வேலை எங்க ஓடிப்போகப் போகுது?"

தலைமை எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிள்ளையா! 'சோப்புத் தண்ணீர் தடவி என் முன்னிலையில் சோதிக்கப்பட்டது', 'வாடை இல்லை' என்று பதினொரு இடத்தில் மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

பிறகு மெக்கானிக் ரெகுலேட்டரை டப்பாவிலிருந்து எடுத்து, கையாலேயே திருகி மாட்டினான். ஸ்பேனரை உறையோடு பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

"இறுக்க வேண்டாமா தம்பி?" என்றாள் தலைமை எழுத்தரின் மனைவி.

"போட்டோல இறுக்கியாச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனான்.

மத்தியானம் மனைவி மோப்பம் பிடித்தபடி வந்தாள். "என்னங்க, கேஸ் வாடை அடிக்குது."

"அடிக்காது."

"என் மூக்கு பொய் சொல்லுதா?"

"உன் மூக்குக்கு ஏதாவது சான்றிதழ் இருக்கா? இதோ பாரு, 'வாடை இல்லை'. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நீங்க போட்டப்போ அது டப்பாக்குள்ள இருந்துச்சு."

"அதனாலதான் வாடை இல்லை" என்றார் அவர், ஃபைலை மூடியபடி.

இந்த மனுஷனிடம் பேசிப் பயனில்லை என்று அவள் மகளையும் குழந்தையையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு நுரையை எடுத்து ரெகுலேட்டரின் நட்டில் தடவினாள். நெல்லிக்காய் அளவுக்குக் குமிழிகள் கிளம்பின. சிலிண்டரை மூடினாள், ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள், கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

மேற்பார்வை அதிகாரியே மெக்கானிக்கோடு வந்தார். அவள் சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறந்து, நுரை தடவிக் காட்டினாள்.

"அப்படியே பிடிங்கம்மா, கையை எடுக்காதீங்க!" என்று அதிகாரி நாலு படம் எடுத்தார். "ரொம்ப நன்றி. உங்க ஃபைல்ல சோப்பு டெஸ்ட் போட்டோ மட்டும்தான் குறைஞ்சிருந்தது."

"குமிழி வந்தா கசியுதுன்னு அர்த்தம் சார்!"

"சோப்பு தடவினீங்களாங்கிறதுதாம்மா கேள்வி. குமிழி வந்துச்சான்னு கேக்க எங்க படிவத்துல கட்டமே இல்லை."

இவ்வளவு தெளிவான நிர்வாகத்தைப் பார்த்துத் தலைமை எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார். அவர் மனைவியோ மெக்கானிக்கின் பையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கி, உறையைக் கிழித்து எறிந்தாள். இடப்பக்கம் திருப்பினால்தான் நட்டு இறுகும் என்று டப்பாவில் கிடந்த தாளில் படம் போட்டிருந்தது. அதைப் படித்தவள் அவள் ஒருத்திதான். இறுக்கிவிட்டு மறுபடி நுரை தடவினாள். ஒரு குமிழியும் இல்லை. இதை யாரும் படம் எடுக்கவில்லை.

சாயங்காலம் குழந்தை வெந்நீரில் குளித்துவிட்டுத் தூங்கியது. தலைமை எழுத்தர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தைப் புரட்டினார். 'என் முன்னிலையில்' என்ற வரிக்குக் கீழே தன் கையெழுத்தைப் பார்த்ததும் புரட்டுவதை நிறுத்தினார். ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே இதே மாதிரி எத்தனை போட்டிருப்பார்!

"ஏம்மா," என்றார் மெதுவாக, "நம்ம பொண்ணு படிச்ச ஸ்கூல்ல தீப்பிடிச்சா ஓடுறதுக்குன்னு ஒரு பின்கதவு இருந்துச்சே, அது திறக்குமா?"

"பத்து வருஷமும் பூட்டித்தான் கிடந்துச்சு" என்றாள் அவள், குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே. "ஆனா வாசல்ல சர்டிஃபிகேட் மாட்டியிருந்தாங்க. கையெழுத்து உங்களோடதாச்சேன்னு நம்பித்தான் தினமும் அனுப்பினேன்."