வாளிக்குள் முப்பது ஜெபமாலை

வாளியைக் கவிழ்த்ததும் முப்பது ஜெபமாலைகளும் ஒரே உருண்டையாகத் தரையில் விழுந்தன. பெர்னார்டுக்குப் பகீர் என்றது. கூடவே வெட்கங்கெட்ட சந்தோஷமும் வந்தது.

அக்டோபர் மாதம் முழுக்க மாதா சுரூபமும் ஜெபமாலைப் பெட்டியும் வீடு வீடாக ஜெபத்துக்குப் போகும். நேற்று ஜார்ஜ் சார் வீடு; ஜெபம் முடிந்ததும் பெட்டி வழக்கம்போல அடுத்த வீடான இவனிடம் வந்துவிட்டது. இன்று மாலை ஏழு மணிக்கு சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் இவன் வீடு. பெட்டியில் மாலைகள் புதுசு போலப் பளபளத்தன.

ஜார்ஜ் சார் துவாஸ் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இவனுடைய என்ஜினீயர். நேற்றுக் காலையில் கேட்டிருந்தார்: "பிளாஸ்டிக்குக்குள்ள நீள நீளமா சங்கிலி இருக்குல்ல, அது சிக்கிக்கிட்டா எப்படிப் பிரியும்? யோசிச்சு சொல்லு பெர்னார்ட்."

சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. இதுதான் அதற்குப் பரீட்சை என்று இவனே முடிவுகட்டிக்கொண்டான். மனுஷன் சும்மா இருப்பானா?

மாலையும் சங்கிலிதானே என்று முதலில் பிள்ளைகளுக்கான பத்துமணிக் குட்டி மாலைகளை வாளியில் போட்டுக் குலுக்கினான். தனித்தனியாக விழுந்தன. பிறகு முப்பது பெரிய மாலைகளையும் குலுக்கினான். அதுதான் இந்த உருண்டை.

"நீளம்தான் காரணம், ரூபி."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது?"

"சயின்ஸ்."

"ஆறு மணி ஆச்சு லா. ஆளுங்க வர்றதுக்குள்ள உங்க சயின்ஸைப் பிரிச்சு வைங்க."

வெடுக்கென்று இழுத்தான். உருண்டை இறுகியது. மெல்ல இழுத்தான். ஒரு மாலை நெளிந்து நெளிந்து பாதி வெளியே வந்தது.

"பார்த்தியா, அவசரப்பட்டா பிடிச்சுக்குது. பொறுமையா இழுத்தா வழிவிடுது."

"அப்ப பொறுமையா இழுங்க."

"முப்பதையும் இழுக்க ரெண்டு நாள் ஆகும்."

தேங்காய் எண்ணெய் ஊற்றினான். விரல்தான் வழுக்கியது. எண்ணெய் போக வாஷிங் மெஷினில் போட்டான். வெளியே எடுத்தபோது, பாதி வந்த அந்த ஒற்றை மாலையும் உள்ளே போயிருந்தது. கூடவே மெஷினில் கிடந்த ரூபியின் ஞாயிற்றுக்கிழமை முக்காடும்.

ரூபி முக்காட்டின் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்; வரவில்லை.

வாசல் மணி அடித்தது. ஜார்ஜ் சார்தான் முதலில் நுழைந்தார், பின்னால் அவர் மனைவி பிரிஜட். மேசைமேல் ஈரம் சொட்டிய உருண்டையைப் பார்த்ததும் சாருக்கு முகம் வெளுத்தது. போச்சு, சூப்பர்வைசர் வேலை போயே போச்சு என்று பெர்னார்ட் தலைகுனிந்தான்.

"மன்னிச்சுக்குங்க சார். நீங்க கேட்டதுக்கு விடை தேடத்தான்…"

சார் சுவரைப் பார்த்தார். பிரிஜட் பெருமூச்சு விட்டாள்.

"நேத்து உங்களுக்குக் கொடுத்தது நாங்க புதுசா வாங்கினது, பெர்னார்ட். இவரும் இப்படிக் குலுக்கின பழைய மாலை உருண்டை எங்க கட்டிலுக்கு அடியில கிடக்கு, அதைப் பிரிக்க வழி தெரியாமத்தான் உங்ககிட்ட கேட்டாரு."