இனிமேல் மச்சான் கிடையாது

என் வீட்டுக்காரர் ஹமீது ஒரு சபதம் எடுத்தார். எடுத்தது அவர், அனுபவிப்பது நான்.

ராஜபாளையம் பஜாரில் அவருக்கு ரெடிமேட் கடை. கல்லூரிப் பையன் ஒருவன் ஜீன்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு, "மச்சான், கொஞ்சம் கொறச்சுப் போடு" என்றானாம். மனிதர் கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

"ரோட்டுல போறவன்லாம் மச்சாங்கான். வீட்டுல நீயும் மச்சாங்கே. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?"

"அவன் சொன்னா ஜீன்ஸ் விக்கும் மச்சான்."

எங்கள் சனத்தில் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். கான்வென்டில் வளர்ந்த என் நாக்கு அதற்கு மடங்கவே ஒரு வருஷம் பிடித்தது. மடங்கிய பிறகு வேண்டாமாம்!

"இனிமே மரியாதையா கூப்பிடு. வியாபாரிகள் சங்கத்துல என்னைய இளைஞர் அணிச் செயலாளராப் போடப் போறாக. பதவிக்கு ஒரு கௌரவம் வேணும்லா?"

ஐம்பத்திரண்டு வயதில் இளைஞர் அணி. மீசைக்கு வாராவாரம் சாயம். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார், தட்டில் இட்லி ஆறிவிடும்.

"பேர் சொல்லிக் கூப்பிடட்டா?"

"ஏட்டி, வாயை அடக்கு!"

"இந்த ஏட்டியும் நிக்குமா?"

"அது வேற."

"அப்ப பிள்ளை பேரைச் சொல்லி?"

"அதான் மரியாதை!" என்று முகம் மலர்ந்தார். பாவம், எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. மகள் ஹஃபீஸாவின் பிள்ளை அனஸுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சங்கத் தலைவர் ஐயாதுரை அண்ணாச்சி, பால்கோவாப் பெட்டியும் ஆளுமாக வந்திருந்தார். என் வீட்டுக்காரர் கடைச் சரக்கிலிருந்தே ஒரு ஜீன்ஸை மாட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, "நம்மள மாதிரி இளவட்டந்தான் முன்னுக்கு வரணும் அண்ணாச்சி" என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

"அனஸ் நன்னா! சாப்பாடு!" என்றேன்.



"நன்னான்னா யாரு தாயி?" என்றார் அண்ணாச்சி.

இவர் என் பக்கம் குனிந்து, "மச்சான்னு கூப்பிடு ஏட்டி" என்று பல்லைக் கடித்தார்.

"அதுல மரியாதை இல்லைன்னீகளே?"

"மரியாதையே வேண்டாம்!"

பெரிய மனுஷர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாமா? "அம்மாவோட அப்பாவை எங்க பேச்சுல நன்னாம்போம் அண்ணாச்சி. பேரனுக்குக் கீழ்ப்பல்லு ரெண்டு வந்திருக்கு."

"அடடே! பேரன் எடுத்தத மறைச்சுட்டீகளேய்யா!" அண்ணாச்சி பெட்டியைப் பிரித்து ஒரு விள்ளல் பால்கோவாவை இவர் வாயில் திணித்தார். இவரால் மெல்லவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. ஜீன்ஸ் பித்தான் மட்டும் தெறித்தது.

பதவி கிடைக்காமல் போகவில்லை. மூத்தோர் ஆலோசனைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். கூட்டம் மாடியில் நடக்கிறது. கைத்தாங்கலாக ஏற்றிவிட இளைஞர் அணியிலிருந்து ரெண்டு பேரை அனுப்புகிறார்களாம்.