பெயர் இருந்த இடத்தில் மூன்று கட்டங்கள்

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள். இல்லாமல் போக என்ன காரணம்? காரணமெல்லாம் எங்கள் பதிவு அலுவலகக் கவுண்டரில் வரிசையில் நிற்கிறது.

ஓய்வு பெற்று இரண்டு வருடமான என்னைத் திங்கட்கிழமை காலை பதிவாளர் அம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். உங்கள் நிறுவனத்துக்காக நீங்கள் எழுதிய மென்பொருள் அன்றுதான் கவுண்டருக்கு வந்ததாம். பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் பதிந்து கிடக்கும் எங்கள் பெரிய கணினியோடு, அதாவது என் முன்னால் மெயின்பிரேம் என்றும் முதுகுக்குப் பின்னால் டைனோசர் என்றும் நீங்கள் சொல்வதோடு, அது நேராகப் பேசுமாம். பேசியது. முதலில் வந்தவர், மகளைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்ட ஒரு தாய். அச்சில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கேள்விக்குறியும் மூன்று கட்டமும். கவுண்டர் எழுத்தர் அதைத் தூக்கிப் பிடித்து, "இதை வீட்டுல எப்படிம்மா கூப்பிடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும் சார். இல்லேன்னா இடம் போயிடும்" என்றார். அடுத்து ஒரு புதுமணத் தம்பதி. சான்றிதழ்படி ஒரு கேள்விக்குறி இன்னொரு கேள்விக்குறியை மனமொத்து மணந்திருந்தது. அதற்கடுத்து நின்ற பெரியவர் தன் தாளைப் பார்த்துவிட்டு, "எழுபது வயசுக்கு மேல என் பேர்ல சந்தேகம் வந்துடுச்சா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

உங்களைத் தொலைபேசியில் பிடித்தேன். "மாமா, எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. உங்க செட்டிங்கைப் பாருங்க" என்றீர்கள். முப்பத்தொரு வருடம் அந்தக் கணினியைக் கட்டி மேய்த்தவனிடம் இதைச் சொல்லும் துணிச்சல் இருக்கிறதே, அதற்காகவே பெண்ணைக் கொடுத்தது சரி என்று நினைத்துக்கொண்டேன். கேட்க உங்களுக்கு நேரம் இருந்திருக்காது, நானே சொல்கிறேன். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று ஒரு பட்டியல் உண்டு; நீங்கள் என்கோடிங் என்று தோளைக் குலுக்கிக்கொண்டு சொல்வது அதைத்தான். பெரிய கணினியிடம் ஒரு பட்டியல், மேசைக் கணினியிடம் வேறொன்று என்றால், இணையும்போதே மேசைக் கணினி தன்னுடையது எது என்று சொல்லிவிட வேண்டும். பெரியது அதற்கேற்ப மாற்றித் தரும். இத்தனை காலமும் எங்கள் மேசைக் கணினிகள் நான் எழுதி வைத்ததைச் சொல்லின, பெயர்கள் பெயர்களாகவே வந்தன. நீங்கள் புதுப் பட்டியலைப் போட்டீர்கள், ஊரில் பாதிப் பேருக்குப் பேர் போயிற்று. முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கிரீடம் இறங்கிவிடுமா?

பதினெட்டு மேசைகளிலும் குனிந்து குனிந்து பழைய செட்டிங்கைப் போட்டேன். நான்கு மணிக்கு அந்தத் தாய் மகளின் பெயரை இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு ஓடினார். எனக்கு இடுப்பு நிமிரவில்லை. பதிவாளர் அம்மா, "தப்பு யாருதுன்னு எழுதிக் குடுங்க சார், அந்தக் கம்பெனியையே மாத்திடலாம்" என்றார். இது உங்கள் மனைவி காதுக்கு எப்படிப் போனதோ, அன்றே அழைத்தாள்.

"அப்பா, நீங்க எழுதிக் குடுத்தா அவருக்கு வேலை போயிடும். தெரிஞ்சுதான் எழுதுறீங்களா?"

"உண்மையைத்தானேம்மா எழுதுறேன்."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள். மூன்று நாளாக நான் அவளுக்கு சார்தான். இருந்தாலும் கடமை என்று ஒன்று இருக்கிறது. நாளை காலை அறிக்கையைக் கொடுக்கிறேன். முன்கூட்டித் தெரிவிப்பது மாப்பிள்ளைக்குச் செய்யும் மரியாதை.

தாங்களும் தங்கள் மென்பொருளும் நீடூழி வாழ்க, அடுத்தவர் பெயரைக் கெடுக்காமல்.

இப்படிக்கு,
தங்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத,
மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. அறிக்கைக்கு ஆதாரம் வேண்டுமே என்று இன்று காலை பெரிய கணினியின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். நிறுவிய நாளில், 'உன் பட்டியல் எது' என்ற இடத்தில் நான் தமிழுக்குப் பதிலாக ஆங்கிலப் பட்டியலைப் போட்டிருக்கிறேன். மேசைக் கணினிகளுக்கும் அதையே. இரண்டும் ஒரே பொய்யைச் சொன்னதால் மாற்ற வேண்டிய வேலையே வராமல், நம் எழுத்து போட்டபடியே போய், போட்டபடியே வந்திருக்கிறது. தன் பட்டியல் தமிழ் என்று முதன்முதலில் உண்மையைச் சொன்னது உங்கள் மென்பொருள்தான். பெரியது அதை நம்பி, தன்னிடம் இல்லாத ஆங்கிலத்தைத் தமிழாக மாற்றப் போய்த் திருதிருவென்று விழித்திருக்கிறது.

பதிவாளர் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இத்தனை வருஷமாவா சார்?" என்றார். "ஆமாம்மா" என்றேன். பிறகு, "மாப்பிள்ளையை வரச் சொல்லுங்க. ரெண்டு பேருமா உக்காந்து சரி பண்ணுங்க" என்றார். சனிக்கிழமை வந்துவிடுங்கள். எல்லாப் பதிவுகளையும் சரியான பட்டியலுக்கு மாற்ற வேண்டும், எனக்குத் தனியாகச் செய்யப் பயமாக இருக்கிறது. தப்பு என்னுடையது என்று வீட்டில் உங்கள் மனைவியிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

முதல் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை மட்டும் அனுப்பலாம் என்றுதான் உறையைப் பிரித்தேன். ஆனால் ஒருவரை இவ்வளவு நன்றாகத் திட்டி எழுதி வெகுநாளாயிற்று, மனம் வரவில்லை.